ஜல்லி, எம்சாண்ட், கிராவல், மண்ணு: லோடு சொல்றதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற கேள்விகள்

வீடு கட்டுறவங்க, காம்பவுண்டு எடுக்குறவங்க, வாசல்ல கார் நிறுத்த இடம் பண்றவங்க, மாடித்தோட்டம் போடுறவங்க எல்லாரும் கடைசில ஒரு லாரிக்காரர் நம்பர் வாங்கி "அண்ணே ஒரு லோடு ஜல்லி வேணும்"னு சொல்லித்தான் ஆரம்பிக்கிறாங்க. பாதி பிரச்சனை அந்த ஒரு வார்த்தைலயே ஆரம்பிச்சுடுது. இங்க இருக்குற கணக்கு எல்லாம் தமிழ்நாட்டு வழக்கப்படி கன அடி, யூனிட்லதான். ரேட்டு எதுவும் எழுதல, அது ஊருக்கு ஊரு, மாசத்துக்கு மாசம் மாறும்.

ஒரு யூனிட்னா எவ்ளோ? ஒரு லோடுன்னா எத்தனை யூனிட்?

ஒரு யூனிட் 100 கன அடி. பத்துக்குப் பத்து ரூம்ல ஒரு அடி உயரத்துக்கு நிரவுனா எவ்ளோ வருமோ அவ்ளோ. கன மீட்டர்ல சொன்னா 2.83.

லோடுக்கு அளவே கிடையாது, அது வண்டிய பொறுத்தது. டிராக்டர் டிப்பர்ல ஒரு யூனிட்டுக்குள்ளதான் வரும், 6 வீல் டிப்பர்ல ரெண்டுல இருந்து மூணு, 10 வீல் டாரஸ்ல நாலு நாலரை, சில பேர் அதையே அஞ்சு ஆறுன்னு சொல்லுவாங்க (அது ஏன்னு கீழ வருது). அதனால "லோடு என்ன ரேட்டு"ன்னு கேக்காம "யூனிட் என்ன ரேட்டு, உங்க வண்டி பாடியோட உள் அளவு என்ன"ன்னு கேளுங்க. இந்த ரெண்டாவது கேள்விய கேட்டாலே எதிர்ல பேசுறவர் குரல் கொஞ்சம் மாறும், வாங்குறவருக்கு விவரம் தெரியும்னு புரிஞ்சுக்குவாரு.

வந்த லாரில சொன்ன அளவு இருக்கான்னு எப்படி பாக்குறது?

கொட்டுறதுக்கு முன்னாடி பாக்கணும், கொட்டுன அப்புறம் குவியல பாத்து ஆண்டவனாலயும் சொல்ல முடியாது. ஒரு டேப் எடுத்துட்டு பாடி உள் பக்கமா நீளம், அகலம் அளங்க. வெளிய அளந்தா தகடோட கனமும், சைடுல இருக்குற சட்டமும் சேந்து வரும், அதுக்கும் நீங்க காசு குடுத்த மாதிரி ஆயிடும். அப்புறம் உயரம், இதுலதான் விளையாட்டே இருக்கு. நடுவுல கோபுரம் மாதிரி குவிச்சு வெச்சுருப்பாங்க, கீழ நின்னு பாத்தா லாரி நிறைஞ்சு வழியுற மாதிரி இருக்கும், மேல ஏறிப் பாத்தா நாலு மூலையும் முக்கால் அடி பள்ளமா கிடக்கும். அதனால யாராவது ஒருத்தர் மேல ஏறி நாலு மூலைலயும் நடுவுலயும் பாத்து சராசரி எடுக்கணும். எம்சாண்டுன்னா (கல்ல நொறுக்கி எடுக்குற மணலு) ஒரு 8 எம்எம் கம்பிய அடித்தகடு தட்டுற வரைக்கும் குத்தி எடுத்து அளந்துடலாம், ஜல்லிக்குள்ள கம்பி இறங்காது, அதுக்கு பாடி விளிம்புல இருந்து சரக்கு எவ்ளோ கீழ இருக்குன்னு பாத்து பாடி உயரத்துல கழிச்சுக்கோங்க.

கணக்கு சிம்பிள். நீளம் 15 அடி, அகலம் ஏழரை, சரக்கு சராசரியா 4 அடி நிக்குதுன்னா 450 கன அடி, அதாவது நாலரை யூனிட். அதே லாரில சரக்கு மூணரை அடிதான் நிக்குதுன்னா 394 கன அடி, நாலு யூனிட்டே முழுசா இல்ல. அரை அடி பள்ளத்துல அரை யூனிட்டுக்கு மேல போச்சு பாருங்க, அது கண்ணுக்கு தெரியவே தெரியாது.

குவாரில இருந்து வர்ற வழில குலுங்கி சரக்கு கொஞ்சம் அமுங்கும், "அங்க ஏத்தும்போது ஃபுல்லா இருந்துச்சு சார்"னு டிரைவர் சொன்னா அது முழுப் பொய்யும் இல்ல. ஆனா உங்க சைட்டுல நிக்கிற அளவுக்குத்தான் காசுன்னு போன்லயே பேசி வெச்சுட்டா அந்தப் பேச்சே வராது. இன்னொன்னு, கொட்டி முடிச்சதும் பாடி உள்ள எட்டிப் பாருங்க. ஈர எம்சாண்ட் முன்பக்க மூலைல அப்பிக்கிட்டு அப்படியே திரும்பிப் போயிடும், "ஒருதடவ தூக்கி தட்டி விடுங்கண்ணே"ன்னு சொன்னா தட்டி விடுவாரு.

எடை போட்டு வாங்குறது இதவிட நல்லது இல்லையா? வே பிரிட்ஜ் (லாரிய எடை போடுற மேடை) சீட்டு பொய் சொல்லாதே?

சீட்டு பொய் சொல்லாது, ஆனா தண்ணிக்கும் சேத்து எடை காட்டும். கழுவுன எம்சாண்ட் சொட்ட சொட்ட வந்துச்சுன்னா நீங்க டன் கணக்குல தண்ணி வாங்குறீங்க. அளவுல வாங்குனாலும் ஈரம் ஒரு வேல காட்டும்: லேசா ஈரமா இருக்குற மணலு உப்பும், அஞ்சாறு சதவீத ஈரத்துலயே 20, 25 சதவீதம் வரைக்கும் கூட பருமன் ஏறும், நல்லா நனைஞ்சு ஊறுனா திரும்ப அமுங்கிடும். நைசான மணலா இருந்தா உப்பல் இன்னும் ஜாஸ்தி. ஆக மணலுக்கு ரெண்டு வழிலயும் ஓட்டை இருக்கு, முடிஞ்ச வரைக்கும் காஞ்ச சரக்கா பாத்து எடுங்க. ஜல்லிக்கு இந்த தொந்தரவு இல்ல, எடையோ அளவோ எதுல வேணாலும் வாங்கலாம்.

மனசுல வெச்சுக்க வேண்டிய நம்பர்: ஒரு யூனிட் ஜல்லி சுமாரா நாலுல இருந்து நாலரை டன், எம்சாண்ட் நாலரைல இருந்து அஞ்சு டன். சீட்டுல காலி வண்டி எடை, லோடு எடை, நிகர எடை மூணும் இருக்கணும், வண்டி நம்பரும் வந்த வண்டியோட நம்பரும் ஒண்ணான்னு பாருங்க. நிகர எடை 17 டன்னு போட்ட சீட்டக் காட்டி அஞ்சு யூனிட் ஜல்லின்னு பில் போட்டா அங்கயே நிறுத்தி கேக்கலாம்.

மேல சொன்ன அஞ்சு, ஆறு யூனிட் கதைக்கு வர்றேன். 10 வீல் லாரிக்கு 2018-ல மத்திய அரசு உயர்த்தின வரம்புப்படி வண்டியும் சரக்கும் சேத்து 28.5 டன். காலி டிப்பரே 10, 11 டன் வந்துடும், மிச்சம் இருக்குறது 17, 18 டன், அதாவது ஜல்லில நாலு யூனிட் சொச்சம். ஆறு யூனிட் தர்றேன்னா ஒண்ணு அது ஓவர்லோடு, இல்ல ஆறு யூனிட்டே இல்ல. ரெண்டாவதுதான் அதிகம்னு என் அபிப்ராயம்.

எம்சாண்ட், பிசாண்ட், ஆத்து மணல், எதுக்கு எது?

கான்கிரீட்டுக்கும் செங்கல் கட்டுறதுக்கும் எம்சாண்ட். பூச்சு வேலைக்கு பிசாண்ட், அது இன்னும் நைசா சலிச்சது. எம்சாண்ட் 4.75 எம்எம்முக்கு கீழ, பிசாண்ட் 2.36 எம்எம்முக்கு கீழ. எம்சாண்ட வெச்சே பூசிடலாம்னு மேஸ்திரி சொன்னா ஒத்துக்காதீங்க, சொரசொரன்னு நிக்கும், அத மறைக்க பட்டி ரெண்டு கோட்டு கூட இழுப்பாங்க, அந்தக் காசு மணல்ல மிச்சம் பிடிச்சத விட ஜாஸ்தி.

ஆத்து மணல் தான் வேணும்னு பிடிவாதம் பிடிக்கிற பெரியவங்க ஒவ்வொரு வீட்டுலயும் இருக்காங்க. காவிரிலயும் பாலாத்துலயும் அள்ளின அள்ளுல ஆத்துப்படுகை என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். அத விட்டுட்டு பாத்தாலும், இன்னைக்கு ஆத்து மணல்னு சொல்லி வர்ற சரக்கு நிஜமாவே ஆத்துலருந்து வந்ததா, ஏரி மணலா, இல்ல கடலோரத்து மணலான்னு உங்களுக்கு தெரிய வழி இல்ல. கடல் பக்கத்து மணல்ல இருக்குற உப்பு கான்கிரீட்டுக்குள்ள கம்பிய துருப்பிடிக்க வைக்கும், பத்து வருஷம் கழிச்சு சீலிங் பெயர்ந்து விழும்போதுதான் தெரியும். நல்ல எம்சாண்ட் அதுக்கு எவ்ளோவோ மேல. கான்கிரீட்டுக்கு போடுற ஜல்லி, மணலுக்கான இந்திய ஸ்டாண்டர்டு ஐ.எஸ். 383-யே 2016 திருத்தத்துல கல்ல நொறுக்கி எடுக்குற மணல தெளிவா ஏத்துக்கிச்சு, அதனால "எம்சாண்ட்ல கட்டுனா நிக்குமா"ங்குற கேள்வி முடிஞ்சு போன கேள்வி.

எம்சாண்ட்னு சொல்லி கிரஷர் டஸ்ட குடுத்துட்டா எப்படி கண்டுபிடிக்கிறது?

நடக்குது, நிறையவே நடக்குது. கிரஷர்ல, அதாவது கல்லு உடைக்குற ஆலைல, ஜல்லி உடைக்கும்போது கீழ விழுற கழிவுத்தூள்தான் டஸ்ட், ரெண்டுமே சாம்பல் கலர்ல இருக்கும், போட்டோ பாத்து சொல்லவே முடியாது. எம்சாண்ட் வி.எஸ்.ஐ. மிஷின்ல கல்லோட கல்லு மோத விட்டு உருட்டி எடுத்து, கழுவி, சலிச்சு வர்றது, அதோட மணி ஓரளவுக்கு கன சதுரமா இருக்கும். டஸ்ட்டுல செதில் செதிலா தட்டையா இருக்கும், கூடவே மாவு.

ஒரு கைப்பிடி எடுத்து உள்ளங்கைல தேய்ச்சு கீழ கொட்டிடுங்க. எம்சாண்ட்னா லேசா தூசி ஒட்டும், தட்டுனா போயிடும். டஸ்ட்னா சிமெண்டு மூட்டைய தொட்ட மாதிரி கை ரேகைக்குள்ள எல்லாம் வெள்ளையா ஏறி நிக்கும். அப்புறம் பாட்டில் டெஸ்ட்: ஒரு தெளிவான தண்ணி பாட்டில்ல பாதிக்கு மணல், மேல தண்ணி, ஒரு ஸ்பூன் உப்பு, நல்லா குலுக்கி மூணு மணி நேரம் ஆடாம வெச்சுடுங்க. மணலு கீழ படியும், அது மேல நைசா ஒரு படலம் தனியா நிக்கும். அந்தப் படலத்தோட உயரத்த மணல் உயரத்தால வகுத்துப் பாருங்க. ஆத்து மணலுக்கு சைட்டுல 8 சதவீதத்துக்கு மேல போனா வேணாம்னு திருப்புவாங்க. எம்சாண்டுக்கு ஸ்டாண்டர்டு கொஞ்சம் தாராளம், 75 மைக்ரானுக்கு கீழ இருக்குற தூள் எடைல 15 சதவீதம் வரைக்கும் விடுறாங்க, ஏன்னா அது கல்லு மாவு, களிமண் இல்ல. இருந்தாலும் பாட்டில்ல கால்வாசி படலமா நின்னா அது டஸ்ட்தான், பேச்சே வேண்டாம். தூள் ஜாஸ்தி ஆனா கலவை தண்ணி ஜாஸ்தி கேக்கும், தண்ணி ஊத்த ஊத்த கான்கிரீட் பலம் குறையும், காஞ்சதும் முடி வெடிப்பு விடும்.

மாநில பொதுப்பணித்துறை எம்சாண்ட் யூனிட்டுகள டெஸ்ட் பண்ணி ஒப்புதல் குடுக்குது. "உங்க சரக்கு எந்த கிரஷர், பி.டபிள்யூ.டி. அப்ரூவல் இருக்கா"ன்னு கேட்டு வாங்குங்க. டஸ்ட் ஒண்ணுக்கும் உதவாதுன்னு இல்ல, பேவர் பிளாக்குக்கு கீழ படுக்கை போட அதுதான் சரி, அந்த வேலைக்கு அந்த ரேட்டுல வாங்கணும், அவ்ளோதான்.

ஜல்லில எந்த சைஸ் எதுக்கு?

ரூஃப், பீம், பில்லர் எல்லாத்துக்கும் 20 எம்எம், அதத்தான் முக்கால் ஜல்லிம்பாங்க. ஃபுட்டிங்குக்கு கீழ போடுற பிசிசிக்கு (கம்பி இல்லாத கான்கிரீட்) 40 எம்எம், ஒன்றரை ஜல்லி. கம்பி நெருக்கமா இருக்குற இடம், லிண்டல், சன்ஷேடு மாதிரி மெல்லிசான வேலைக்கு 12 எம்எம். 6 எம்எம் சிப்ஸ் பேவருக்கு கீழயும் சின்னச் சின்ன ஒட்டு வேலைக்கும். ரூஃப் போடும்போது 20 எம்எம்ல கொஞ்சம் 12 எம்எம் கலந்து போட்டா இடைவெளி நல்லா அடையும், கான்கிரீட்டுக்குள்ள தேன்கூடு மாதிரி பொந்து விழாது.

சைஸ விட வடிவம் முக்கியம், இத யாரும் பாக்குறதில்ல. பத்து கல்லு எடுத்து கைல வெச்சுப் பாருங்க, அதுல நாலஞ்சு தட்டையா, ஊசியா பிஸ்கட் மாதிரி இருந்தா திருப்பி அனுப்புங்க. தட்டை ஜல்லி அழுத்தத்துல உடையும், கலவையும் ஜாஸ்தி இழுக்கும். ஜல்லி மேல மண்ணு அப்பி இருந்தா சிமெண்டு கல்ல பிடிக்காது, தண்ணி அடிச்சு கழுவித்தான் போடணும்.

1000 சதுர அடி ரூஃபுக்கு எவ்ளோ ஜல்லி, எவ்ளோ எம்சாண்ட் சொல்லணும்?

அஞ்சு இஞ்சு கனம், 1:1.5:3 கலவைன்னு (சிமெண்டு, எம்சாண்ட், ஜல்லி பங்கு) வெச்சுக்குவோம். 1000 சதுர அடிக்கு 417 கன அடி கான்கிரீட். காஞ்ச சரக்கா கணக்கு போட 1.54-ஆல பெருக்கணும், 642 கன அடி. அத அஞ்சரை பங்கா பிரிச்சா சிமெண்டு 117 கன அடி, அதாவது 95 மூட்டை, எம்சாண்ட் 175 கன அடி, ஜல்லி 350 கன அடி. ஒண்ணே முக்கால் யூனிட் எம்சாண்ட், மூணரை யூனிட் ஜல்லி. இது ஸ்லாபுக்கு மட்டும், பீம் தனிக் கணக்கு.

இதுக்கு மேல பத்து சதவீதம் சேத்தே சொல்லுங்க. கான்கிரீட் போடுற அன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கு ஜல்லி தீந்து போச்சுன்னா அடுத்த லாரி வர்றதுக்குள்ள போட்ட கான்கிரீட் இறுகிடும், அந்த ஒட்டு வழியாத்தான் பின்னாடி மழைத்தண்ணி இறங்கும். அரை யூனிட் மிச்சம் ஆனா பரவால்ல.

பேஸ்மெண்ட் ஃபில்லிங்குக்கு எந்த மண்ணு? எங்க ஊரு கோவில்பட்டி பக்கம், தோண்டுன மண்ணயே போட்டுடலாமா?

கூடாது. உங்க ஊரு கரிசல், அது மழை வந்தா உப்பும், வெயில்ல சுருங்கி கை நுழையுற அளவுக்கு வெடிக்கும். வயல்ல பருத்திக்கு அருமையான மண்ணு, தரைக்கு கீழ போட்டா டைல்ஸ தூக்கிடும். அஸ்திவாரம் தோண்டும்போது வர்ற கரிசல வெளிய தோட்டத்துக்கு தள்ளிட்டு உள்ள கிராவல் போடுங்க. கிராவல்னா சின்னச் சின்ன கல்லு கலந்த செம்மண், தண்ணி ஊத்தி இடிச்சா கெட்டியா உக்காரும். சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு பக்கம் சவுடுன்னு வரும், அதுவும் ஃபில்லிங்குக்கு ஓடுது, ஆனா சவுடுல தரம் லாரிக்கு லாரி மாறும், களிமண் கட்டி கட்டியா இருந்தா வாங்காதீங்க.

ஒரு உருண்டை பிடிச்சுப் பாருங்க. ஈர மண்ண உருட்டி, திரிச்சு, பென்சில் மாதிரி நீட்டா வந்துச்சுன்னா அதுல களி ஜாஸ்தி, ஃபில்லிங்குக்கு ஆகாது. உருண்டையா நின்னு, திரிச்சா உடைஞ்சா சரியான சரக்கு.

எத்தனை லோடு மண்ணு ஆகும்? மேஸ்திரி 20 யூனிட்ங்குறாரு, லாரிக்காரர் 40-ங்குறாரு.

லாரிக்காரர் பக்கம்தான் கணக்கு வரும். உள் அளவு 1000 சதுர அடி, மூணு அடி உயரம்னா 3000 கன அடி, அதாவது இடிச்சு உக்காந்த அப்புறம் 30 யூனிட். லாரில வர்ற மண்ணு பொலபொலன்னு இருக்கும், இடிச்சா அமுங்கும், அதுக்கு 20, 25 சதவீதம் கூட்டினா 36-ல இருந்து 38 யூனிட். நாலு யூனிட் வண்டின்னா ஒம்போது பத்து நடை. மேஸ்திரியோட 20 யூனிட்டுக்கு ரெண்டு அர்த்தம்தான் இருக்கு, ஒண்ணு அவரு கணக்கு போடல, இல்ல இடிக்கப் போறதே இல்ல.

இடிக்கிறதுதான் இதுல மொத்த விஷயமும். மூணு அடியும் ஒரே நாள்ல கொட்டி மேல தண்ணிய விட்டுட்டு "உக்காந்துடும் சார்"னு போயிடுவாங்க, மேலாப்புல அரை அடி உக்காரும், கீழ அப்படியே பஞ்சு மாதிரி இருக்கும், ரெண்டு மழைக்காலம் போனா ஹால்ல டைல்ஸ் தட்டுனா டொக்கு டொக்குன்னு சத்தம் வரும். எட்டு இஞ்சு போடு, தண்ணி தெளி, ராம்மர் வெச்சு இடி, அடுத்த எட்டு இஞ்சு. ராம்மர் வாடகைக்கு கிடைக்கும். அதனால பத்து நடையையும் ஒரே நாள்ல கொட்டச் சொல்லாதீங்க, தெனம் ரெண்டு மூணுன்னு பிரிச்சு சொல்லுங்க.

இடிச்ச வீட்டு ரப்பிஷ் சும்மா தர்றாங்க, போடலாமா?

காம்பவுண்டு ஓரத்துல பள்ளம் தூர்க்க போடலாம். வீட்டுக்கு உள்ள வேண்டாம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல பொந்து நிக்கும், உள்ள மரத்துண்டு வரும், மரத்துக்கு கரையான் வரும். சும்மா வர்றது சும்மா வர்றதில்ல.

கார் நிக்கிற இடத்துக்கு வெறும் ஜல்லி கொட்டுனா போதுமா?

20 எம்எம் ஜல்லிய மட்டும் மண்ணு மேல கொட்டுனா ஒரே மாசத்துல டயர் தடம் விழுந்து ஜல்லி மண்ணுக்குள்ள போயிடும், ஒரே சைஸ் கல்லு ஒண்ணோட ஒண்ணு பூட்டாது, உருண்டுக்கிட்டே இருக்கும். பெரிசு, சின்னது, தூளு எல்லாம் கலந்து வந்தாத்தான் இறுகும். கிரஷர்ல வெட்மிக்ஸ்னு கேளுங்க, ரோட்டுக்கு போடுற அதே சரக்கு. 20-க்கு 15 அடி இடம், 6 இஞ்சு கனம்னா 150 கன அடி, அமுங்குறதுக்கும் சேத்து ரெண்டு யூனிட் சொல்லிடுங்க. ரோலர் வைக்க முடியலன்னா பிளேட் காம்பாக்டர் போதும். பேவர் போடுறதா இருந்தா அது மேல ரெண்டு இஞ்சு டஸ்ட் இல்ல 6 எம்எம் சிப்ஸ், அரை யூனிட் ஆகும், காருக்கு 60 எம்எம் கனத்து பேவர்.

அழகுக்கு போடுற கூழாங்கல்ல லாரில வாங்காதீங்க, மூட்டைல வாங்குனா போதும்.

தோட்டத்துக்கும் மாடித்தோட்டத்துக்கும் மண்ணு எப்படி வாங்குறது?

ஃபில்லிங் மண்ணும் தோட்ட மண்ணும் வேற வேற, லாரிக்காரருக்கு ரெண்டும் "செம்மண்ணு"தான். ஆழத்துல இருந்து தோண்டுன கிராவல்ல செடிக்கு சாப்பாடு இருக்காது, இறுகி பாறை மாதிரி ஆயிடும். மேல்மண்ணு வேணும்னு சொல்லி கேளுங்க, வந்ததும் தண்ணி ஊத்திப் பாருங்க, மேல குளமா நிக்காம உள்ள இறங்கணும். அப்புறம் செம்மண் ரெண்டு பங்கு, மக்குன தொழு உரம் ஒரு பங்கு, மணலோ தேங்காய்நார்க் கழிவோ ஒரு பங்குன்னு கலந்துக்கலாம். மண் பரிசோதனை வேளாண்மைத்துறை லேப்ல குறைஞ்ச கட்டணத்துல பண்ணித் தருவாங்க, உப்பு ஜாஸ்தியா, சுண்ணாம்பு ஜாஸ்தியான்னு அதுல தெரிஞ்சுடும்.

மாடில பாத்தி கட்டி நேரடியா மண்ணு கொட்டணும்னு ஆசைப்படுறவங்க ஒரு நிமிஷம் இந்தக் கணக்க பாருங்க. நனைஞ்ச மண்ணு ஒரு கன அடி 48 கிலோ கிட்ட வரும். ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 படி டிசைன் பண்ற சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ, சதுர அடிக்கு 14 கிலோ. ஒரு அடி ஆழத்துக்கு மண்ணு போட்டா அதவிட மூணு மடங்குக்கு மேல ஏத்துறீங்க. இன்ஜினியர் பாக்காம பண்ணாதீங்க. பை, தொட்டின்னு வெச்சு, அதையும் பீம் இருக்குற ஓரமா வெச்சுக்கோங்க.

ஏரில வண்டல் மண்ணு இலவசமா எடுக்கலாமாமே?

2024-ல இருந்து தாசில்தார் லெவல்லயே அனுமதி குடுக்குறாங்க, ஆனா அது விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும். நிலம் இருக்குறவங்க தாராளமா வாங்கி வயலுக்கு போடுங்க. வீட்டு பேஸ்மெண்டுக்கு அந்தப் பேர்ல எவனாவது ஏரி மண்ணு விக்கிறான்னா அது சட்டப்படியும் தப்பு, களிமண்ணுங்குறதால வேலைக்கும் தப்பு.

பில்லு, பர்மிட் எல்லாம் நாம ஏன் பாக்கணும்? அது அவங்க வேல தான?

அவங்க வேலதான், ஆனா வண்டி பிடிபட்டா உங்க சைட்டுல எட்டு ஆளு கலவை மிஷின வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பாங்க, கூலி உங்களோடது. தமிழ்நாட்டுல கனிமம் ஏத்திட்டுப் போறதுக்கான 2011 விதிகள்படி ஜல்லி, மண்ணு, எம்சாண்ட் எது ஏத்துனாலும் நடைச்சீட்டு இருக்கணும், அதுல எங்க ஏத்துனது, வண்டி நம்பர், தேதி, நேரம், அளவு எல்லாம் இருக்கும். அந்தச் சீட்டுல ஒரு நன்மையும் இருக்கு: அதுல போட்டிருக்குற அளவும் லாரிக்காரர் உங்ககிட்ட சொல்ற அளவும் ஒண்ணான்னு ஒப்பிட்டுக்கலாம். சீட்டுல 16 டன், பில்லுல அஞ்சரை யூனிட்டுன்னு வந்தா ரெண்டுல ஒண்ணு பொய்.

ஜிஎஸ்டி இந்த சரக்குக்கெல்லாம் 5 சதவீதம். பேங்க் லோன்ல கட்டுறவங்க பில்லு வாங்கி வெச்சுக்கோங்க.

ரேட்டு ஏன் இவ்ளோ மாறுது? பக்கத்து ஊர்ல கம்மியா சொல்றாங்களே.

கல்லு வெல பாதி, டீசல் பாதி. குவாரில இருந்து 15 கிலோமீட்டர்ல இருக்குறவனுக்கும் 70 கிலோமீட்டர்ல இருக்குறவனுக்கும் ஒரே ரேட்டு வராது. கிணத்துக்கடவு மாதிரி இடத்துல இருந்து கேரளாவுக்கு லோடு இழுக்கும்போது உள்ளூர்லயும் ஏறும். 2025 ஏப்ரல்ல கனிம நிலத்துக்கு புது வரி வந்தப்போ குவாரி, கிரஷர்காரங்க ஸ்டிரைக் பண்ணி, அது முடிஞ்சதும் ரேட்டு ஏறுனது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். ஊர்ல எல்லாரும் சொல்றத விட ஒருத்தர் மட்டும் யூனிட்டுக்கு ரொம்ப கம்மியா சொன்னாருன்னா ரேட்டுல சிரிச்சுட்டு அளவுல எடுத்துக்குவாரு, டேப்ப மறக்காதீங்க.

எங்க தெரு சின்னது, லாரி வராது. என்ன பண்றது?

ஆர்டர் சொல்லும்போதே தெரு அகலம் சொல்லுங்க, முடிஞ்சா ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. 10 வீல் திரும்பாத இடத்துக்கு 6 வீல், அதுவும் ஆகாதுன்னா டிராக்டர், வாடகை யூனிட்டுக்கு கூட ஆகும். மெயின் ரோட்டுல கொட்டி சித்தாளு வெச்சு சுமந்தா அதவிட கூட ஆகும், ரோட்டுல கொட்டுனதுக்கு மாநகராட்சில வந்து அபராதமும் போடுவாங்க. பெரிய ஊர்கள்ல பகல்ல லாரிக்கு நேரத்தடை இருக்கும், ராத்திரி பதினோரு மணிக்குத்தான் வருவாங்க, அந்த நேரத்துல தூக்கக் கலக்கத்துல யாரும் அளக்க மாட்டாங்கன்னு அவங்களுக்கும் தெரியும்.

எங்க கொட்டணும்னு முன்னாடியே கோடு போட்டு வைங்க. மேல கரண்டு கம்பி இருந்தா அங்க டிப்பர் தூக்கவே கூடாது, பாடி தூக்கும்போது ஒரு மாடி உயரத்துக்கு மேல போகும், ஆள் செத்திருக்காங்க இதுல. சம்பு, செப்டிக் டேங்க் மூடி மேல சக்கரம் ஏறக்கூடாது. அடுத்த வீட்டு காம்பவுண்டு சுவர ஒட்டி மண்ணு சாய்ச்சீங்கன்னா மழைல மண்ணு நனைஞ்சு தள்ளி சுவரு சாயும், அப்புறம் கட்டிக்குடுக்குறது உங்க செலவு.

எந்த மாசம் வாங்கி வைக்கிறது நல்லது?

ஐப்பசி, கார்த்திகைல வடகிழக்கு மழைல குவாரில தண்ணி நிக்கும், வண்டி இறங்காது, மண்ணு லாரி சேத்துல மாட்டும். ஃபில்லிங் வேலைய ஆவணிக்குள்ள முடிச்சுக்கோங்க. எம்சாண்ட் வாங்கி வெச்சா தார்ப்பாய் போட்டு ஓரத்துல ரெண்டு வரிசை செங்கல் அடுக்குங்க, இல்லன்னா மழைல நைஸ் எல்லாம் கரைஞ்சு சாக்கடைக்கு போயிடும், சாக்கடைய அடைச்சதுக்கு தெருவே உங்கள திட்டும். ஜல்லிக்கு ஒண்ணும் ஆகாது, கிடக்கட்டும்.

மிச்சமான ஜல்லிய திருப்பி எடுத்துக்குவாங்களா?

மாட்டாங்க, ஏத்துற கூலி சரக்கு வெலைக்கு கட்டாது. மழைநீர் சேகரிப்பு எப்படியும் பண்ணித்தான் ஆகணும், 2003-ல இருந்து தமிழ்நாட்டுல எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். அந்தக் குழிக்கு அடில உடைகல்லு, நடுவுல 40 எம்எம், அதுக்கு மேல மிச்சமான 20 எம்எம் போட்டுடுங்க. மேலாப்புல கொரகொரன்னு இருக்குற மணல் மட்டும் போடுங்க, எம்சாண்ட் வேணாம், அதுல இருக்குற தூளு இறங்கி குழிய அடைச்சுடும்.